ஐந்தரை மணிப் பெட்டி

சிறைவாசிகள் உரிமைப் பேரவையின் கூட்டங்கள் எப்போதும் வெளியிலிருந்து பூட்டப்பட்ட மண்டபத்துக்குள்தான் நடக்கும். இதை யாரும் விபத்து என்று நினைத்துவிடக் கூடாது. இது கொள்கை. உள்ளே கிடப்பவனின் வலியை வெளியே இருப்பவன் ஒன்றரை மணி நேரமாவது பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று பேரவையின் விதிமுறைப் புத்தகம் சொல்கிறது. அந்தப் பகிர்வுக்காக, எங்கோ ஒரு பழைய சிறையை இடித்தபோது கிடைத்த பூட்டைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார்கள். பச்சைக் குழந்தையின் தலை அளவு இருக்கும். வரவேற்புரை தொடங்கியதும் மண்டபக் காவலாளி வெளியே அதை மாட்டிப் பூட்டுவார். மேடையில் தலைவர் மணியடித்தால் திறப்பார். ஜன்னல்களுக்கு ஏற்கெனவே கம்பி இருந்தது. வலியைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு வியர்க்காமலிருக்க மேடையின் இரண்டு பக்கமும் குளிர்சாதனப் பெட்டிகள் இருந்தன.

அக்காவுக்கு இந்தக் கொள்கை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை கதவுக்கு வெளியிலேயே நின்றிருப்பாள்.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. அவளைவிடப் பத்து வயது மூத்த மேற்பார்வையாளர்கூட, "இன்னைக்கு ஆபரேஷன் துணி ஜாஸ்திக்கா" என்பார். உண்மையில் அவள் ஒருவனுக்குத்தான் அக்கா. அவன் பதினான்கு மாதமாக உள்ளே இருந்தான்.

தம்பி ஒரு சாமான் கிடங்கில் சுமை ஏற்றி இறக்கியவன். கிடங்கிலிருந்து நான்கு மின்விசிறிகள் காணாமல் போயின. அடுத்த நாள் வீட்டிலிருந்து தம்பி காணாமல் போனான். இரண்டாவது மாதமே மூன்று விசிறிகள் அதே கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கிடைத்துவிட்டன. நான்காவது, மேலாளரின் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தச் செய்தி வழக்கின் காதுக்கு எட்டவில்லை. வழக்கு அதன் பாட்டுக்குத் தூங்கியது.

கடைசியில் ஒரு புதன்கிழமை ஜாமீன் கிடைத்தது. சிறைக்குள் காகிதத்தைவிடச் செய்தி வேகமாகப் போகும். ஜாமீன் கிடைத்தவன் தான் படுக்கும் இடத்தை அன்றே வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம் அது. தம்பியுடையது ஜன்னலடி இடம். அது கிடைக்க அவனுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதை ஒரு கிழவருக்கும் கம்பளியை இன்னொருவனுக்கும் கொடுத்துவிட்டு, கழிப்பிட வாசலோரம் வந்து படுத்தான். அங்கே போகிறவர்கள் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். இருட்டில் எல்லோரும் சரியாகத் தாண்டுவதில்லை.

"ஒரு ராத்திரி, மிஞ்சிப் போனா ரெண்டு ராத்திரிதானக்கா," என்று வியாழக்கிழமை கம்பிக்குப் பின்னாலிருந்து சிரித்தான். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டாப் போச்சு. நீ காகிதத்தை மட்டும் கொண்டாந்து பெட்டில போட்டுடு."

பெட்டி என்பது சிறை வாசல் சுவரில் பதித்த இரும்புப் பெட்டி. நீதிமன்றம் எழுதுவது வெறும் காகிதம்தான். அந்தப் பெட்டிக்குள் விழுந்த பிறகே சிறைக்கு அது ஆணை. மாலை ஐந்தரைக்கு ஒருமுறை திறப்பார்கள். அதற்கு மேல் விழுவதெல்லாம் அடுத்த வேலைநாள் கணக்கு. வெள்ளிக்கிழமை தவறினால் திங்கட்கிழமை.

வெள்ளிக்கிழமை மதியம் வக்கீல் போனில் கூப்பிட்டார்.

"காகிதம் கைக்கு வந்துடுச்சும்மா. எனக்கு மூணு மணிக்குப் பேரவைக் கூட்டம். மண்டபத்துக்கு வந்துடு, குடுத்துடறேன். அங்கேருந்து ஜெயிலுக்கு நேர் பஸ். அரை மணி நேரம்தான்."

அக்கா இரண்டே முக்காலுக்கே மண்டபத்தில் இருந்தாள். மூன்று ஐந்துக்கு வக்கீல் வந்தார். அவளைப் பார்த்ததும் பையைத் தட்டிக் காட்டி, "இதோ, ஒரே நிமிஷம்" என்றபடி மேடையேறினார். ஏறும் வரை அவர் வக்கீலாகத்தான் இருந்தார். ஏறியதும் பேச்சாளர் ஆகிவிட்டார். பின்னால் கதவு சாத்தப்பட்டு, பூட்டு ஒருமுறை கனமாகக் கனைத்தது.

மேடையில் பதினேழு நாற்காலிகள். பின்னால் 'கதவுகள் திறக்கட்டும்' என்று எழுதிய துணி. செயலாளர் வரவேற்றார். அவர் சட்டையில் குத்தியிருந்த அடையாளப் பட்டை மற்றவர்களுடையதைவிட இரண்டு விரல் அகலம் அதிகம். பதினேழு பேரையும் ஒவ்வொருவராக வரவேற்றார். பிறகு, வர முடியாத ஐந்து பேரையும் வரவேற்றார்.

மூன்றே முக்காலுக்கு வக்கீலின் முறை வந்தது. 'ஜாமீன் கிடைத்தும் திறக்காத கதவுகள்' என்பது அவருக்குக் கொடுத்திருந்த தலைப்பு.

"நண்பர்களே, எத்தனை பேருக்குத் தெரியும்? நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. ஆனால் அந்த மனிதன் உள்ளேயே இருக்கிறான். ஏன்? ஒரு காகிதம் போய்ச் சேரவில்லை. வெறும் காகிதம்." பைக்குள் கைவிட்டு, ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "இதோ. இது கற்பனை இல்லை. ஒரு உண்மையான மனிதனின் உண்மையான விடுதலை ஆணை. இந்த நிமிடம் இது எங்கே இருக்க வேண்டும்? சிறையில். எங்கே இருக்கிறது? என் கையில். இந்த அவலத்துக்கு யார் பொறுப்பு?"

முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். வக்கீல் காகிதத்தை இடப்பக்கம் காட்டினார், வலப்பக்கம் காட்டினார், புகைப்படக்காரருக்காக ஒருமுறை நேராகவும் காட்டினார்.

அக்கா எழுந்து நின்றாள். "ஐயா, அது எங்களோடது. குடுத்தீங்கன்னா..."

செயலாளர் பூனை நடையில் ஓடி வந்தார். "உக்காருங்கம்மா. கேள்வி எல்லாம் சீட்டுலதான். எழுதிக் குடுங்க. நன்றியுரைக்கு அப்புறம் எடுத்துக்குவோம்."

"கேள்வி இல்லீங்க. காகிதம்."

"அதையும் சீட்டுலயே எழுதுங்க."

அக்கா சீட்டை வாங்கி முழங்காலில் வைத்து எழுதினாள். அவள் முகத்தைப் பார்த்துச் செயலாளருக்கு ஏதோ செய்திருக்க வேண்டும். விதியை மீறி, சீட்டை நேராகத் தலைவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒலிபெருக்கியில் படித்தார்.

"அந்தக் காகிதம் என் தம்பியோடது. மணி நாலு ஆகப் போகுது. குடுத்தா நான் போயிடுவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கவிதை," என்றார். "மூன்றே வரி. மக்களிடமிருந்து வந்திருக்கிறது. யார் அந்தத் தம்பி? நாம் எல்லோரும்தான் அந்தத் தம்பி. யார் போகிறார்கள்? எங்கே போகிறார்கள்? சொல்லவில்லை பாருங்கள். அதுதான் அழகு."

கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தவர் குனிந்து, "ரொம்ப நாளா எழுதறீங்களா?" என்று கேட்டார்.

கவிதையால் உந்தப்பட்டு ஒரு தீர்மானம் வந்தது. மேற்படி ஆணையை உரிய இடத்தில் தாமதமின்றிச் சேர்க்குமாறு சம்பந்தப்பட்டவர்களை இப்பேரவை வலியுறுத்துகிறது. மேடையில் ஏழாவது நாற்காலிக்காரர், 'வலியுறுத்துகிறது' என்பது போதாது, 'வன்மையாக வலியுறுத்துகிறது' என்று திருத்தம் கொண்டுவந்தார். பதினோராவது நாற்காலிக்காரர், சம்பந்தப்பட்டவர்கள் யார் என்று கண்டறிய மூவர் குழு வேண்டும் என்றார். இரண்டும் ஒருமனதாக நிறைவேறின. குழுவின் தலைவராக வக்கீல் நியமிக்கப்பட்டார். அவர் கையிலேயே காகிதம் இருந்ததை யாரும் அவருடைய தகுதிக் குறைவாகக் கருதவில்லை.

பிறகுதான் கையொப்பம்.

பேரவையில் மேடைக்கு வரும் எந்தக் காகிதத்திலும் மேடையில் இருக்கும் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். முன்பு ஒரு கோரிக்கை மனுவில் ஒருவருடைய கையெழுத்து விடுபட்டுப் போய், அவர் கோபித்துக்கொண்டு வெளியேறி வேறொரு பேரவை தொடங்கினார். இப்போது ஊரில் இரண்டு பேரவைகள். மூன்றாவது வேண்டாம் என்று இந்த ஏற்பாடு. தீர்மானத்தோடு சேர்த்து ஆணையும் மேசையில் இருந்ததால், இரண்டும் சுற்றுக்குப் போயின. ஒருவர் பச்சை மையில் போட்டதைப் பார்த்து மற்றவர்களும் பச்சை மை கேட்டார்கள். சிலர் பெயருக்குக் கீழே பட்டத்தையும் எழுதினார்கள். கடைசியாகத் தலைவரிடம் வந்தபோது தாளில் இடமே இல்லை. அவர் தேடிப் பார்த்து, கீழே நீதிபதியின் கையெழுத்து சிறியதாக, நீல மையில், வீணாகக் கிடந்த இடத்தில் தன்னுடையதைப் போட்டார். செயலாளர் அதன்மேல் பேரவையின் முத்திரையைக் குத்தினார்.

அக்காவுக்கு மேடை தூரம். பச்சையாக ஏதோ நடப்பது மட்டும் தெரிந்தது. அவள் கண் சுவர்க்கடிகாரத்தில் இருந்தது. நாலு இருபது.

தலைவர் பேச எழுந்தார். அவர் ஓய்வுபெற்ற சிறைத்துறை உயர் அதிகாரி.

"இங்கே பேசியவர்கள் ஐந்தரை மணி விதியைக் கண்டித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏனென்றால் அந்த விதியை எழுதியவன் நான். அந்தப் பெட்டியை வைத்தவனும் நானே. அதற்கு முன்னால் எப்படி இருந்தது தெரியுமா? ஆணைகள் நினைத்த நேரத்தில் வரும். கைதிகள் நினைத்த நேரத்தில் வெளியே போவார்கள். இரவு எட்டு மணிக்குக்கூட ஒருவன் வீட்டுக்குப் போயிருக்கிறான். ஒரு ஒழுங்கு வேண்டாமா? காத்திருந்து பெறும் சுதந்திரத்துக்குத்தான் ருசி உண்டு. அந்த ருசியை ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தேன். இன்று அவர்களுக்காகவே கண்ணீர் விடுகிறேன். அன்று கடமை, இன்று கருணை. இரண்டிலும் நான் நேரம் தவறியதில்லை."

சொன்னபடியே கண்ணீர் விட்டார். நேரம் தவறவில்லை. நினைவுப் பரிசாக ஒவ்வொருவருக்கும் கண்ணாடிப் பேழையில் ஒரு குட்டிக் கைவிலங்கு கொடுக்கப்பட்டது. நாலு ஐம்பதுக்கு மணி அடித்தது. பூட்டு திறந்தது.

வக்கீல் மேடையிலிருந்து இறங்கி வந்து, காகிதத்தை நான்காக மடித்து அக்காவின் கையில் வைத்தார். "பாத்தியாம்மா, உன் தம்பிக்காக எத்தனை பேர் கூட நிக்கிறாங்கன்னு. ஓடு, பஸ்சு வந்துடும்."

அவள் ஓடினாள். பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஐந்து இருபத்தெட்டுக்குப் பெட்டியின் வாயில் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஐந்தரைக்கு வாசல் எழுத்தர் சாவியோடு வந்தார். காதில் பேனா செருகிய, யாரையும் நிமிர்ந்து பார்க்காத மனிதர். பெட்டியில் ஒரே ஒரு காகிதம்தான் இருந்தது. அதைப் பிரித்தவர், அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்தார்.

"என்னம்மா இது, கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி இருக்கு?"

"ஜாமீன் ஆணைங்க."

"அது சரி. இதுல நீதிபதி கையெழுத்து எது?"

"அந்தப் பச்சைக்கு அடியில இருக்கும்."

"பச்சைக்கு அடியிலயும் பச்சைதான் இருக்கு." வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தா, இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். எங்க பழைய பெரியவரு. இதைப் பாத்துப் பாத்துக் கதவைச் சாத்தித்தான் எனக்குப் பழக்கம். திறந்ததே இல்ல." மடித்து நீட்டினார். "வேற எழுத்து ஒண்ணு இருந்தாலே ஆணை செல்லாது. அதுவும் அவரு போட்ட விதிதான். புது நகல் வாங்கிட்டு வா."

"எவ்வளவு நாளாகும்?"

"மூணு வாரம். நகல் எடுக்கற இடத்துல இருக்கறவரு நல்ல மனுசனா இருந்தா."

அவர் நல்ல மனிதர். சரியாக மூன்று வாரம் ஆயிற்று.

அந்த மூன்று வாரமும் தம்பி கழிப்பிட வாசலிலேயே படுத்தான். இரண்டாவது வியாழக்கிழமை பார்க்கப் போனபோது அவன் வலதுகை விரல்கள் இரண்டு கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

"யாரோ மிதிச்சுட்டாங்க. பாவம், அவசரம்."

"அந்த ஜன்னலடியைத் திருப்பிக் கேளேன்டா. நீதான் வெளியே வரலையே."

"குடுத்த இடத்தைத் திருப்பிக் கேக்கறதில்லக்கா. இங்க அது விதி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "எழுதாத விதிதான். அதனால எல்லாரும் மதிக்கறாங்க."

மூன்றாவது வாரம் சலவைக்கூடத்துக்கே செயலாளர் போன் செய்தார். அக்கா ஒரு விரிப்பின் இரண்டு மூலைகளைத் தாடையால் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, நம்ம தம்பி இன்னும் உள்ள இருக்கறது பேரவை வரலாத்துலயே பெரிய திருப்புமுனை. வர்ற வெள்ளிக்கிழமை அதுக்கே ஒரு சிறப்புக் கூட்டம் வெச்சிருக்கோம். நிர்வாகிகள் மட்டும். நீங்க அவசியம் வரணும்."

"மேடையிலயா?"

"மேடையில இடமில்லம்மா, பதினேழும் நிரம்பிடுச்சு. ஆனா அதைவிடப் பெரிய மரியாதை ஒண்ணு. அன்னைக்குக் காவலாளி பூட்டப் போறதில்ல. பாதிக்கப்பட்ட குடும்பத்துக் கையாலதான் பூட்டு. நீங்க பூட்டிட்டு, சாவியோட வெளியவே நிக்கணும். காத்திருக்கும் குடும்பம்னு ஒரு குறியீடு. மணி அடிச்சா திறக்கலாம்."

"புது நகல் வெள்ளிக்கிழமை வருதுன்னு வக்கீல் சொன்னாரே."

"அதையும் அங்கயே குடுத்துடுவாரு. பேச்சு முடிஞ்சதும்."

அக்கா விரிப்பை மடித்து முடித்தாள். மூலைக்கு மூலை, ஒரு நூல் பிசகவில்லை. "வரேங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நாற்பத்திரண்டு நிர்வாகிகள் இருந்தார்கள். வேறு பொதுமக்கள் யாரும் இல்லை. மேடையின் நடுவே, புது நகல் எடுக்கவென்று வக்கீல் அக்காவிடம் வாங்கிப்போன, பச்சைக் கையெழுத்துகள் நிறைந்த பழைய ஆணையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே 'ஒரு போராட்டத்தின் சாட்சி' என்று எழுதியிருந்தது. காவலாளிக்கு விடுப்பு கொடுத்திருந்தார்கள். செயலாளர் பூட்டையும் சாவியையும் ஒரு தட்டில் வைத்து நீட்டினார்.

அக்கா தட்டைத் தொடவில்லை. "காகிதம் குடுங்க. அப்புறம் பூட்டறேன்."

வக்கீல் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "பேச்சுல காட்டணும்மா. முடிஞ்சதும்..."

"காட்டறதுக்கு அதான் மாட்டி வெச்சிருக்கீங்களே. அதுல எல்லார் கையெழுத்தும் இருக்கு. இதுல ஒருத்தர் கையெழுத்துதான இருக்கு, யாருக்கு என்ன பெருமை?"

வக்கீல் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கையெழுத்து நன்றாகவே விழுந்திருந்தது. காகிதத்தைக் கொடுத்தார். அக்கா பிரித்துப் பார்த்தாள். கீழே நீல மையில், சிறியதாக, தனியாக ஒரு கையெழுத்து.

"கதவை நல்லா இழுத்துப் பூட்டணும்மா," என்றார் தலைவர் மேடையிலிருந்து. "பாவனையாக இருக்கக் கூடாது. உண்மையான வலி வேண்டும்."

"சரிங்க."

அவள் நன்றாகவே இழுத்துப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். உள்ளே வரவேற்புரை தொடங்கியது. முதல் நாற்காலியை வரவேற்பது கேட்டது. இரண்டாவதை வரவேற்கும்போது அவள் பேருந்து நிறுத்தத்தில் இருந்தாள்.

நாலு மணிக்கே ஆணை பெட்டிக்குள் விழுந்துவிட்டது. ஐந்தரைக்கு வாசல் எழுத்தர் வந்து திறந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ஆணை," என்று மட்டும் சொல்லி, பெட்டியைப் பூட்டிவிட்டு உள்ளே போனார்.

ஆறு மணிக்குப் பெரிய கதவில் இருந்த சின்னக் கதவு திறந்து தம்பி குனிந்து வெளியே வந்தான். கையில் ஒரு துணிப்பை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். அக்கா அவன் கையைப் பிடித்து இரண்டு விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகம் ஒன்று கறுத்திருந்தது.

"வலிக்குதா?"

"மடக்கினாத்தான். வா, போலாம்."

"இரு. ஒரு சின்ன வேலை இருக்கு."

பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். உறை கனமாக இருந்தது. மேலே அவள் கையெழுத்தில் விலாசம்: 'தலைவர், சிறைவாசிகள் உரிமைப் பேரவை, மண்டபம், உள்ளே.'

"என்னக்கா அது?"

"அவங்க சாமான். முறைப்படி சேத்துடணும்ல."

பெட்டியின் வாயில் உறை கொஞ்சம் சிக்கியது. தட்டிவிட்டாள். உள்ளே இரும்பில் இரும்பு விழும் சத்தம் கேட்டது. சின்னக் கதவைச் சாத்த வந்த வாசல் எழுத்தர், நிமிராமலே சொன்னார்:

"அஞ்சரைக்கு மேல போட்டதெல்லாம் திங்கட்கிழமைதான்மா."

"தெரியும்ண்ணே," என்றாள் அக்கா.